உறுமல் போன குழல்

நெவில் ஆர்மராட் புல்லாங்குழல் வாசித்தால் பாதி ஊதல், பாதி உறுமல். உதடு ஊதும்போதே தொண்டையும் கூடவே பாடும். அந்த உறுமலை நம்பித்தான் இங்கிலாந்தில் பர்ன்லி ஊர்க்காரர்கள் நாங்கள் நாலு பேரும் ராக் இசைக்குழு வைத்து ஐம்பது வருஷம் பிழைத்தோம். நான் பேஸ் கிட்டார்.

எங்கள் பாட்டு ஒன்று ஆரம்பித்தால் இருபது நிமிஷம். நடுவில் தாளம் மாறிக்கொண்டே இருக்கும். ரசிகர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அவர்களுடைய மனைவிமார் பாருக்குப் போய்விடுவார்கள்.

குழுவில் பாடுகிறவனும் நெவில்தான். வயது ஏற ஏற அவனுக்குக் குரல் இறங்கியது. நாங்களும் ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் சுருதியை அரைக்கட்டை இறக்கினோம். போன வருஷம் தொண்டையில் கட்டி. வெட்டி எடுத்த டாக்டர், "பேசலாம், பாட முடியாது" என்றார்.

"உசிரு மிஞ்சிச்சே, அது போதும்" என்றாள் அவன் மனைவி மாரீன்.

"பாட்டுதானே போச்சு? குழல் இருக்குல்ல" என்றான் நெவில், கரகரத்துக்கொண்டு. அது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். பாடுவதற்கு லீட்ஸிலிருந்து ஒருத்தனைப் பிடித்தோம். ஒத்திகையில் நெவில் தன் பகுதியை ஊதவே இல்லை. "மேடையில பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்தான். பயம்தான், வேறென்ன.

பிரெஸ்டன் மேடையில் அவன் முறை வந்தது. இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க முக்கிப் பார்த்தான், உறுமல் வரவில்லை. குழல் மட்டும் சுத்தமாக, சர்ச் கல்யாணத்தில் ஊதுகிற மாதிரி வந்தது. கடைசிவரை ஊதினான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முடிந்ததும் பழைய டி-சர்ட் போட்ட ரசிகர் ஒருவர் கண்கலங்கி வந்தார். "சார், இத்தன வருஷத்துல இவ்வளவு இனிமையா நீங்க ஊதி நான் கேட்டதே இல்ல!"

நெவில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஒப்பனை அறையில் மாரீன் டீயை நீட்டினாள். "பாத்தியா, எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. நீதான் வீணா பயந்துட்டிருந்த."

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரு ஊதினாலும் அப்படித்தான் இருக்கும்." குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினான். "டேய், நாளைக்கு மான்செஸ்டருக்கு வேற ஆளப் பாரு. உறுமத் தெரிஞ்சவனா பாரு."

மாரீன் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று. அவன் சொன்னது சரி. நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.