பசியாறிய பிள்ளை

எனக்கு வீம்பு அதிகம் என்று எங்கள் ஊரே சொல்லும். பொய்யில்லை. ஆனால் மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் முதல் மூன்று நாள் நான் அரைப்பட்டினி கிடந்ததற்கு வீம்பு காரணமில்லை. அதற்குக் காரணம் தமிழ்.

அப்பா இறந்துபோன அடுத்த வருடம் அது. எனக்குப் பதினோரு வயது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா என்னை மலேசியாவுக்கு, பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினாள். பெரியப்பா சின்ன வயதிலேயே கேமரன் மலைக்கு வேலைக்குப் போய், தோட்டத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டு, கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கே படிக்க அனுமதி வாங்குவதற்காக அவர் ஏறாத படியில்லை. எல்லாம் படிப்புக்காகத்தான் என்றாள் அம்மா. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மாதமாக எங்கள் வீட்டு அடுப்பு நாளுக்கு ஒரு தடவைதான் எரிந்தது. சாமிக்கு விரதம் என்றாள். நானும் பக்தியோடு இருந்தேன்.

அடுத்தவர் வீட்டில் பசி என்று வாயைத் திறக்கக் கூடாது, கொடுக்காமல் எதையும் எடுக்கக் கூடாது. இதுதான் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பிய புத்தி.

முதல் நாள் காலையில் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மலை, தோட்டம், எதிர்வீடு எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. இப்படியொரு குளிரில் மனிதர்கள் எதற்காகக் குடியிருக்கிறார்கள் என்று நினைத்து அழுகை வந்தது. பெரியம்மா தேயிலைத் தொழிற்சாலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார்.

இதென்ன கேள்வி என்று யோசித்தேன். இராத்திரிப் பசி அடங்கிவிட்டதா என்று விசாரிக்கிறார் போலும். ஆறவில்லை என்றால் பசி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். "ஆறிடுச்சு பெரியம்மா" என்றேன். அவரும் நிம்மதியாகப் போய்விட்டார். மேசையில் மூடி போட்ட தட்டில் என்னவோ இருந்தது. யாரும் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை, நான் தொடவில்லை.

பள்ளி இடைவேளையில் பெரியப்பா மகள், என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா, பன்னில் பாதியை நீட்டினாள். வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். இந்த அக்கா சரி என்று தானே தின்றுவிட்டாள். இரவுச் சாப்பாட்டிலும் அதே கதை. ஒரு கரண்டிச் சோற்றுக்கு மரியாதையாக, போதும் என்றேன். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சொன்ன சொல்லை அப்படியே நம்புகிற மனிதர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இப்படியே மூன்று நாள். காலையில் பசியாறிட்டியா, ஆறிடுச்சு. சாயங்காலம் பசியாறிட்டியா, ஆறிடுச்சு. வயிறு சுருட்டிப் பிடிக்கும். அம்மாவை நினைத்துக்கொண்டு கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். பதினோரு வயதிலேயே வாழ்க்கை வெறுத்துப்போய்விட்டது.

மூன்றாம் நாள் சாப்பிட்டு எழுந்த பிறகு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா அழுவது கேட்டது. ஊரிலிருந்து வந்த பிள்ளைக்குத் தன் கைச்சமையல் இளக்காரமாகப் படுகிறது, தோட்டத்துச் சனம் என்று நினைக்கிறதோ என்னவோ என்று புலம்பினார். அதற்குப் பெரியப்பா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் ரெண்டு நாளு பாப்போம். சாப்புடலன்னா ஊருக்கே அனுப்பிற வேண்டியதுதான் லா."

மறுநாள் பள்ளி வேனில் அக்கா என்னை முறைத்தாள். "காலைலதான் ஒண்ணும் திங்கமாட்ற, அப்புறம் எதுக்கு பசியாறிட்டேன்னு எங்கம்மாகிட்ட பொய் சொல்ற?" என்றாள். அப்போதுதான் விஷயம் உடைந்தது. அங்கே பசியாறுவது என்றால் காலையிலும் மாலையிலும் பலகாரம் சாப்பிடுவது. மேசையில் மூடி வைத்திருந்த மீகூன், அந்த அரிசிச் சேமியா, பெரியம்மா எனக்காகத் தினமும் விடியுமுன் எழுந்து கிளறியது.

நல்ல பிள்ளையாக இருந்தால் அன்றே ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். எனக்கோ முந்தைய நாள் கேட்ட ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது: ஊருக்கே அனுப்பிவிடுவார்கள், அம்மாவிடம் போய்விடலாம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். என்னிடம் பதினொன்றாவதாக வீம்பு இருந்தது, அது மட்டும் பறக்கவில்லை. அன்றிலிருந்து அர்த்தம் தெரிந்தே "பசியாறிட்டேன்" என்றேன். இரவில் அந்த ஒரு கரண்டிச் சோற்றையும் ஒதுக்கினேன். பெரியம்மா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவர் அழுததைக் கேட்டவள் நான். கேட்டும் செய்தேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் பள்ளியில் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். பெரியப்பா லோரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்து என்னைத் தூக்கிப்போனார். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நெடுநேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அழைத்துக்கொள்ளச் சம்மதித்திருப்பாள், எந்தக் கிழமை விமானம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, கோபமே இல்லாத குரலில், கேட்டாள்.

"இங்க வந்தா என்னடி சாப்புடுவ?"

அம்மா கேட்டுவிட்டாள். அத்தனை நாள் பட்டினியும் பலித்துவிட்டது. வெந்தயக் குழம்பு என்றேன். சுட்ட அப்பளம். முட்டை, எனக்கே எனக்கு இரண்டு. முருங்கைக்கீரை, தேங்காய் நிறையப் போட்டு. ஞாயிற்றுக்கிழமை கோழி.

அம்மா எதுவும் பேசவில்லை. மலையில் சிக்னல் இப்படித்தான், விட்டுவிட்டு வரும். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் சொன்னதையெல்லாம் அம்மா எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு வசதியாக, ஒவ்வொன்றாக மறுபடியும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.