ஆண்டவருக்கென்று வைத்த அரிசி

எழுதிப் பழக்கமில்லாத நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட எனக்குக் குரல் வராது. காணிக்கையைப் பற்றி ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் கேட்டபோது, எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதையும் என் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அது என் மாமியார் செய்தது. நான் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றவள், அவ்வளவுதான்.

டயகமவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. எங்கள் ஆட்களுக்கு வாக்குரிமை இல்லை என்று ஆகிச் சில வருடங்கள் கழிந்திருந்தன. எங்கள் லயத்தில் வரிசையாக இருந்த காம்பராக்களில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பால் டின் இருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட வேண்டும். அது ஆண்டவருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் படைத்த பிறகு எல்லா வீட்டு அரிசியும் ஒரு தகரப் பீப்பாயில் சேரும். பீப்பாய் நிறைந்ததும் அக்கரப்பத்தனைக் கடைவீதியில் முஸ்லிம் நானாவின் கடைக்கு விற்று, வருவதை ஆலயச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். ஆலயக் கூரை ஒழுகியதால் பீப்பாய் எங்கள் காம்பராவில் இருந்தது. அதற்கு மாமிதான் காவல். அந்தத் தடவை அரிசியை விற்றுக் கூரைக்குப் புதுத் தகரம் வாங்குவதாக ஏற்பாடு.

அப்போதுதான் வேலைநிறுத்தம் வந்தது. தோட்டத்துத் துரை ஒரு குடும்பத்தை வெளியே போகச் சொன்னதற்காக, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. துரை ஸ்டோரில் அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் இருந்ததைக் கொஞ்சநாள் தின்றோம். பிறகு கொல்லையில் விளைந்த கோவா இலை, பிறகு கீரை, பிறகு வெறும் தேயிலைச் சாயம். உலை வைக்காத நாட்களிலும் மாமி அந்தப் பால் டின்னைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

எனக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்த நேரம். ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் சாய்ந்துவிட்டேன். என் கணவர் நேரே போய்ப் பீப்பாய் மூடியில் கைவைத்தார். இப்போது எடுத்துக்கொண்டு பிறகு போட்டுவிடலாம் என்றார். மாமி வந்து மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"குடுத்ததத் திருப்பித் திங்கிறதா? கைய எடுடா."

என் வயிற்றில் இருப்பது தன் மகனின் பிள்ளை என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார். இப்படியும் ஒரு பக்தி உண்டா என்று நினைத்தேன். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் எப்போதுமே பேசாதவள்தானே.

அடுத்த காம்பரா அக்காவுக்குக் கைக்குழந்தை. பால் வற்றிப்போய், குழந்தை அழுவது சுவரைத் தாண்டிக் கேட்டபடி இருந்தது. சனிக்கிழமை காலையில் அந்த அழுகை வெறும் முனகலாகிவிட்டது. மாமி முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். ஆமென்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பீப்பாயை வாசல் இஸ்தோப்புக்கு உருட்டிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார்.

நேற்று வரை எங்களைத் தொடவிடாத அரிசி. மாமி அதைச் சுளகில் கொட்டி வண்டு போகப் புடைத்தார். அறுப்பின் பண்டிகைக்குப் பொங்கும் கிடாரத்தை ஆலயத்திலிருந்து எடுத்துவந்து கஞ்சி வைத்தார். லயத்து ஆட்களையெல்லாம் தட்டு கொண்டுவரச் சொன்னார். வந்தவர்கள் கிட்டே வராமல் தயங்கி நின்றார்கள். ஒரு கிழவர் மட்டும் கேட்டார்.

"குடிச்சா ஒங்க வேதத்துல சேரணுமா, ஆத்தா?"

"குடிச்சிட்டுத் தட்டக் கழுவணும். வாங்க."

செய்தி எப்படியோ கணக்கப்பிள்ளைக்குப் போய்விட்டது. தோட்டத்தில் அவர் துரையின் ஆள். ஆலயத்தில் காணிக்கைக்குப் பொறுப்பும் அவர்தான். குடையோடு வந்து நின்று, வேலைக்கு வராதவர்களுக்கு ஆலய அரிசியைக் காய்ச்சி ஊற்றினால் துரைக்குத் தான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். பிறகு, இது ஆண்டவருக்கு வைத்த அரிசி அல்லவா என்றார்.

"ஆண்டவரு இன்னும் கேட்டு வரலைங்கையா," என்றார் மாமி. "வந்தா நான் சொல்லிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. நாளையிலிருந்து பீப்பாய் உன் வீட்டில் இருக்காது என்றார்.

"வெறும் பீப்பாதானுங்களே. தூக்க லேசா இருக்கும்."

நான் அதிர்ந்தது இதற்கெல்லாம் அல்ல. அதன் பிறகு நடந்ததற்கு. என் கணவரும் தட்டோடு வரிசையில் வந்து நின்றார். மற்றக் கிறிஸ்தவ வீட்டார் நீட்டிய தட்டிலெல்லாம் ஊற்றிய மாமி, மகனின் தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்கு அகப்பையைக் கொண்டுபோனார். தவறிப்போய்ச் செய்கிறார் என்று நினைத்தேன். என் கணவர் தட்டை மறுபடி நீட்டினார்.

"நீ போடா. அரிசிக்குக் காவ இருந்த வீட்டுக்கு இதுல இல்ல."

என் கணவர் தட்டைத் தரையில் வீசிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஞ்சி வாசனையில் எனக்கு வாய் ஊறியது. அது வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த காம்பரா அக்கா தன் சட்டியோடு என்னிடம் வந்தார். பாதிதான் குடித்திருந்தார்.

"இந்தா தங்கச்சி, வாயும் வயிறுமா நிக்கிற. மிச்சத்த நீ குடி."

இடுப்பில் அந்தக் குழந்தை. எனக்கு வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. பயந்துகொண்டு மாமியைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குற, புள்ள? ஊத்துனப்பறம் அது அவளோடது. அவ குடுக்குறா. குடி."

குடித்தேன். உப்பு கூடியிருந்தது. மாமி கிடாரத்தின் அடியைச் சுரண்டிக் குழந்தைக்காரிக்கே மறுபடி ஊற்றிவிட்டு, தான் சாயம் குடித்தார்.

மாமி செய்ததில் எது சரி என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. கொடுத்துவிட்ட பிறகு அதன்மேல் நமக்குக் கை இல்லை என்று அவர் நினைத்தார் என்பது மட்டும் புரிகிறது. காணிக்கைப் பை எனக்கு முன்னால் வரும்போதெல்லாம் அந்தத் தட்டு விழுந்த சத்தமும் கேட்கிறது, அந்த அக்காவின் சட்டியும் தெரிகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நினைக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. மாமி அந்த வெறும் பால் டின்னை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். கணக்கப்பிள்ளையின் ஆட்கள் இரண்டு பேர் வந்து பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.