வேப்பெண்ணெய் தடவிய கை

அந்த டாக்டரை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. மச்சானை நினைத்தாலும் அப்படித்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை எனக்கு. ஒருநாள் கிரேன் சங்கிலி நழுவி, பெட்டி என் வலது கையில் விழுந்தது. விரல்கள் கூழாகிவிட்டன. மணிக்கட்டு போவது உறுதி. முழங்கையாவது மிஞ்சுமா என்பதுதான் என் கவலை. அது இருந்தால் கொக்கி மாட்டிக்கொண்டு மூட்டை இழுக்கலாம். இல்லாவிட்டால் வேலை போச்சு.

நரம்பில் உயிர் இருக்கிறதா என்று டாக்டர் பேட்டரிப் பெட்டியால் பார்ப்பாராம். கரண்ட் பட்டுச் சதை துள்ளினால் முழங்கை தப்பும். துள்ளாவிட்டால் அதற்கு மேலே வெட்டு.

என்னோடு மூட்டை தூக்கும் மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி, டாக்டர் பார்க்கவிருந்த நாள் காலை ஆஸ்பத்திரிக்கு, நர்ஸுக்குத் தெரியாமல் வேப்பெண்ணெய் கொண்டுவந்தான். வேலைக்கு இறங்குமுன் எங்கள் ஆட்கள் கைக்குத் தடவுவது அதைத்தான்.

"நரம்பு எளகிக்கினா சதை தன்னால துள்ளும் மாமா. நீ சும்மா குந்து."

முன்கை முழுக்க அப்பினான். நானும் காட்டிக்கொண்டிருந்தேன், முட்டாள்!

டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கம்பியை வைத்தார். சதை அசையவில்லை. "செத்துப்போச்சு" என்று எழுதிவிட்டு நகர்ந்தார். நாற்றம் தெரிந்த மூக்குக்கு எண்ணெய் தெரியவில்லையா? துணியால் ஒரு தடவை துடைத்தால் அவர் கௌரவம் குறைந்துவிடுமா? மறுநாள் முழங்கையும் போய்விட்டது.

மரக்கை மாட்டுமுன் மிச்சச் சதைக்கு வலுவேற்றக் கரண்ட் கொடுப்பார்கள். போனேன். அங்கிருந்த ஆள் கம்பியை வைத்தான். சதை அசையவில்லை. தொட்டுப் பார்த்துக் கத்தினான்.

"இன்னாபா இது, எண்ணெயா? இதுல எப்டி கரண்ட் ஏறும்? சோப்பு போட்டுக் கழுவிக்கினு வா!"

மச்சான் தினமும் தடவிக்கொண்டுதான் இருந்தான். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கம்பி பட்டதும் சதை துள்ளியது. அன்றைக்கும் துடைத்திருந்தால் துள்ளியிருக்கும்.

சாயங்காலம் கல்மண்டபம் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்கு அதே புட்டியோடு வந்தான் மச்சான்.

"கைய காட்டு மாமா."

"எண்ணெ தடவுனா கரண்ட் ஏறாதாம்டா! என் முழங்கைய நீதான்டா தின்னுட்ட!"

அவன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். கன்னத்தில் அறைய வலது கையை ஓங்கினேன். விரல்கள் விரிந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தோளுக்குக் கீழே சதை மட்டும் துள்ளியது. அவன் கன்னத்தில் ஒன்றும் விழவில்லை.