மலேசியாவில் கட்டிய வரிக்கு ரசீது

என் மகன் துவாக்குடியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். அதைக் கம்பெனியாகப் பதிந்தபோது இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னையும் டைரக்டர் ஆக்கினான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

போன வருஷம் மலேசியாவில் ஒரு பாய்லர் பொருத்தும் வேலை கிடைத்தது. முடித்துக் கொடுத்ததும், அங்கேயே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். கணக்கு முடிக்கும் நேரத்தில் தில்லை நகர் ஆடிட்டர் எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னார்.

"அங்க கட்டினதை இங்க கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கலாம். ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. கட்டினதுக்கு ரசீது எங்க?"

மகன் நெளிந்தான். வேலை கொடுத்தவர் மலேசியத் தமிழர். பூர்வீகம் லால்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் கைநனைத்தவர்.

"அவர்கிட்ட ரசீது கேட்டா, நெஜமாவே கட்டினீங்களான்னு சந்தேகப்படற மாதிரி ஆயிடும் சார்."

"அப்ப மரியாதைக்காக ரெண்டு தடவை கட்டுங்க" என்றார் ஆடிட்டர்.

இரண்டாம் தடவை கட்டினால் பட்டறை ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் கிடையாது. வீடு திரும்பும்போது அதை மட்டும்தான் சொன்னான்.

புரட்டாசி சனிக்கிழமை அந்த மலேசியாக்காரர் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மகன் மழையைப் பற்றிப் பேசினான், காவிரியில் தண்ணீர் வந்ததைப் பேசினான். ரசம் வரைக்கும் வந்தாயிற்று.

"தம்பி, அங்க வரி கட்டினதுக்கு ரசீது தருவாங்களாமே. அது இருந்தா இங்க கழிச்சுக்குவாங்களாம்." ரசப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"யாரும்மா உங்களைக் கேக்கச் சொன்னது?" என்றார் அவர்.

"யாரும் சொல்லல. நானும் டைரக்டர்தான்."

சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. மகன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, மத்தவங்க பணம் வந்த அன்னைக்கே கேட்டு வாங்கிடுவாங்க. நீ கேக்கவே இல்லையே! திங்கக்கிழமை ஆபீஸ் தெறக்கட்டும், அனுப்பச் சொல்றேன்."

ஞாயிறு முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ரேஷன் கடையில் பில் கேட்க யாராவது கூசுகிறோமா? பழகியவரிடம்தான் நாக்கு எழுவதில்லை. அவர் மனசில் என்ன நினைத்தாரோ, தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் ரசீது மகனின் போனுக்கு வந்தது. ஆடிட்டர் கழித்தது போக, இங்கே கொஞ்சம்தான் கட்டவேண்டியிருந்தது. தீபாவளிக்கு முன்பே ஆட்களுக்குப் போனஸ் கொடுத்தாயிற்று. மகன் மட்டும், அந்த மலேசியாக்காரருக்குப் போன் போடும்முன் இப்போதும் கொஞ்சம் தயங்குகிறான்.