பின்னிருக்கை இல்லாத வண்டி

தீயின் நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்ற மாங்காட்டு அன்னையே, உன் தாள் பணிந்து எழுதுகிறேன்.

தை மாத வளர்பிறை வெள்ளி அன்று. கோயில் வாசலில் புது வண்டிகளுக்குப் பூசை நடந்தது. மிகச் சிறிய காரொன்றின் கண்ணாடியை, நெற்றி நிறையக் குங்குமமிட்ட பெண்மணி ஒருவர் முந்தானையால் ஓயாது துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பின்னிருக்கை இல்லை. ஏனென்று கேட்டேன்.

"நான்தான் கழட்டச் சொன்னேன், ஐயா. புள்ளைங்க இங்க இருந்தப்போ கார் எடுத்துக்கினு ஊர் ஊராப் போவாங்க. 'எடம் இல்லம்மா, நீ ஊட்டப் பாத்துக்கோ'ம்பாங்க. இப்போ ரெண்டு பேரும் வெளிநாட்டுல கீறாங்க. லீவுல வந்தா சுத்தணுமாம், பெரிய வண்டியா எடுன்னு போன்ல ஆர்டர் போடுறாங்க. வரட்டும்! 'எடம் இல்ல கண்ணு, ஊட்டப் பாத்துக்கோ'ன்னு நானும் ஒருவாட்டி சொல்லணும்."

"பெற்ற தாய் மன்னிக்கலாகாதா, அம்மா?" என்றேன்.

"உள்ள நிக்கிறாளே, அவ மட்டும் புடிச்ச புடிய உட்டாளா?"

சிரித்தபடி சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். தாமே ஏறி அமர்ந்து வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியது.

அன்னையைப் பாடிய பாடல்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அந்தக் கேள்விக்கு மறுமொழி மட்டும் அவற்றில் இன்றுவரை அகப்படவில்லை.

இதைப் படிக்கும் யாவருக்கும், தம் மக்களின் வண்டியில் என்றும் ஓர் இடம் இருப்பதாக.