அப்பா இல்லாத மோட்சம் எனக்கு வேண்டாம்

என் அப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 2008 மார்ச், தவக்காலம். இந்த வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஐந்து வருஷமாக எங்கள் ஊரில் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். நான் தாழ்த்தப் போவதில்லை. ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முட்டத்துக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா கைநாட்டு. அம்மைக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மழை வந்தால் அப்பா என் புத்தகப் பையைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு என்னோடு நடந்து வருவார். "நான் நனைஞ்சா காஞ்சிருவேன், புஸ்தகம் காயுமா மக்ளே?" என்பார்.

2004-ல் சுனாமி வந்தபோது கரையில் நின்ற இரண்டு பிள்ளைகளை அவர் அள்ளிக்கொண்டு ஓடினார். பக்கத்தில் நின்ற சித்தப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. மீன்பிடி வள்ளமும் போனது. பிறகு நிவாரணமாகப் புது வள்ளம் கிடைத்தது. அதில் ஏற அப்பாவால் முடியவில்லை. சாயங்காலங்களில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தது. அது ஒரு நோய் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பாறைக்கு அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். பங்குத்தந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்பு உறவுக்கார மாமா ஒருவர் என் காதருகே குனிந்தார். "பாறையில வழுக்கினாருன்னு செல்லு மக்ளே. ஒரு வார்த்தைதானே, தீந்துச்சு." அவர் கெட்டவர் அல்ல. எங்களுக்கு நல்லது செய்யத்தான் சொன்னார். அம்மை மயங்கிக் கிடந்ததால் ஃபாதர் என்னிடம்தான் கேட்டார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அன்று காலையில் அப்பா கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்த அந்தக் கயிற்றை, கழற்றி ஆணியில் மாட்டியதை நான் பார்த்திருந்தேன். சுனாமி அன்றுகூட அவர் கழற்றாத உத்தரியம். என் அப்பாவை ஒரு பொய்யைப் போர்த்திப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்பா வழுக்கி விழல்ல ஃபாதர்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். உடலைக் கோயிலுக்குள் எடுக்கவில்லை. மணி அடிக்கவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வடமேற்கு மூலையில், ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத ஒரு துண்டு மண் உண்டு. தற்கொலை செய்தவர்களையும் ஊர் தள்ளி வைத்தவர்களையும் அங்கே போடுவார்கள். தெம்மாடிக்குழி, போக்கிரிகளின் குழி, என்று அதற்குப் பெயர். என் புத்தகத்தை நனையாமல் காத்த மனிதர் தெம்மாடி ஆனார்.

அம்மை என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மக்ளே என்ற சொல் வீட்டில் இல்லாமல் போயிற்று. "சோறு இருக்கு." "பஸ்ஸு போயிரும்." எல்லாம் சுவரைப் பார்த்து. ஒரே ஒருமுறை அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது: "ஒரு பொய்யி. ஒரே ஒரு பொய்யி செல்லியிருந்தா அவரு நரகத்துக்குப் போவாரா?" மாதாவிடம் கேட்டாளா, என்னிடம் கேட்டாளா, தெரியாது. நவம்பர் இரண்டாம் தேதி ஊர் முழுக்க மெழுகுதிரி வாங்கிக்கொண்டு கல்லறைத் திருநாளுக்குப் போகும்போது எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும்.

2010-ல் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கல்லூரிக்குப் பக்கத்துக் கோயிலில் போய் நின்றேன். முழங்கால் போடவில்லை. போட மனம் இல்லை. "ஆண்டவரே, அப்பா இல்லாத மோட்சம் எனக்கு வேண்டாம். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குக் காட்டும். அம்மைக்கும் காட்டும். காட்டாவிட்டால் நானும் அந்த மூலையிலேயே கிடந்துகொள்கிறேன்" என்றேன். என் ஜெபம் அவ்வளவுதான். நவநாள் ஜெபம் போல ஒன்பது நாள் அதையே போய்ச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் பஸ் நேரம் வரைக்கும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் அட்டை போன ஒரு நாவல் கிடந்தது. பெயர்ப் பக்கமும் இல்லை. எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, விசுவாசியா என்றும் தெரியாது. குடித்துவிட்டு லாரி ஓட்டி, தன்னோடு கிளீனரையும் சாகடித்த ஒரு டிரைவரின் கதை அது. செத்துப் போனவன் தண்டனைக்காகக் காத்து நிற்கிறான். நீதிபதி யாரும் வரவில்லை. ஒருவர் வந்து, வா நடக்கலாம் என்கிறார். தன் கடைசி நாளிலிருந்து முதல் நாள் வரைக்கும் அவன் பின்னோக்கி நடக்க வேண்டும், ஒரு நாளும் விடாமல். கடைசி நாளைப் பார்த்ததும் அவன் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். போதும், நான் இவ்வளவுதான் என்று அழுகிறான். கூட வந்தவர் அதட்டவில்லை. இது ஒரு நாள், இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எழுந்து வா என்கிறார்.

அன்று நான் பஸ்ஸை விட்டேன்.

அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சும்மா கிடந்த நாள்களும் வருகின்றன. அந்த நாள்களிலும் கூட நடப்பவருக்குச் சலிப்பில்லை. கடைசியில் அவன் பிறந்த நாள் வருகிறது. ரத்தமும் அழுகையுமாகக் கிடக்கும் அந்தக் குழந்தையைத் தூக்க இரண்டு கைகள் நீளுகின்றன. இத்தனை நாள் தன்னோடு நடந்தவரின் கைகள் அவை என்று அவன் அறிகிறான்.

அப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. ஏறக்குறைய பதினையாயிரம் நாள். அதில் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. நானும் அதே ஒரு நாளைத்தான் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு கிடந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆண்டவர் எங்கோ முடிவில் தராசோடு காத்திருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவர் கூடவே நடந்து வந்திருக்கிறார்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மை மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அவள் எழுந்து போகவில்லை. மூன்றாம் நாள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பம் அந்தக் கூட நடந்தவரு, அந்தக் கடைசி நாள்லயும் அவனுக்க கூட இருந்தாரா?"

"இருந்தாரு அம்மா."

"லாரிக்குள்ளயா?"

"லாரிக்குள்ளதான்."

கத்தியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் அவளே தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன்பு திருவிழாவில் அப்பா தனக்கு வளையல் வாங்கி, கொடுக்கப் பயந்து ஒரு வருஷம் வைத்திருந்த கதை. நான் அதை நோட்டில் எழுதினேன். அதன் பிறகு அப்பாவின் நாள்களைப் பின்னோக்கி நடந்து சேகரித்தோம். இருநூற்றுப் பதினொரு நாள் சேர்ந்தது. கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜெபமா என்று ஜெபக்குழுவில் சிலர் கேட்டார்கள். பேசாத என் அம்மையை அது பேச வைத்தது. ஆண்டவர் எதைக் கொண்டு பேசலாம் என்று அவருக்கு நாமா சட்டம் போடுவது?

2011-ல் புதுப் பங்குத்தந்தை வந்தார். கல்லறைத் திருநாளில் அந்த மூலையையும் மந்திரிக்க வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டேன். திருச்சபைச் சட்டத்தில் இப்போது தடை இல்லை, தடை ஊர்தான், கூட்டத்தில் வந்து கேள் என்றார். கேட்டேன். ரோசம்மாள் மாமி மட்டும் எழுந்தாள். ஊரில் மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி அவள், நாக்கும் அப்படித்தான்.

"நாலு எழுத்து படிச்சதும் மோட்சத்துக்க சாவி ஒனக்க கையில வந்தாச்சோ?"

நான் உட்காரவில்லை. "எனக்க கையிலயும் இல்ல மாமி, ஒங்க கையிலயும் இல்ல. யாருக்க கையில இருக்கோ அவரு அப்பாவுக்க கூட பதினையாயிரம் நாள் நடந்திருக்காரு" என்றேன்.

கூட்டம் ஒன்றும் முடிவு செய்யவில்லை. மந்திரிக்க நான் அங்கே போவேன், யாரும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை என்று ஃபாதர் முடித்துவிட்டார்.

நவம்பர் இரண்டு, மாலை நாலரை மணி. எல்லாக் கல்லறைகளையும் மந்திரித்துவிட்டு ஃபாதர் தீர்த்தச் செம்போடு வடமேற்கு மூலைக்குத் திரும்பினார். நான் பின்னால் நடந்தேன். அம்மை வருவாள் என்று நான் நினைக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ரோசம்மாள் மாமி.

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் எங்களைத் தாண்டிப் போனாள். முள்செடிக்கு அருகே, அடையாளம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் சரியாகக் குனிந்து ஒரு மெழுகுதிரியை நட்டாள்.

"எனக்க மூத்தது" என்றாள் ஃபாதரிடம். "ஞானஸ்நானம் குடுக்கும் முன்ன போச்சு. பேரு வைக்க விடல்ல. முப்பத்தாறு வருஷமாச்சு."

அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் அவளைப் போலவே பேர் வைக்காத பிள்ளைகளுக்காக. யாருக்கு யார் அங்கே கிடந்தார்கள் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அப்பாவை ஆண்டவர் தனியாக விட்டிருக்கவில்லை. பேரில்லாத பிள்ளைகளுக்கு நடுவே வைத்திருந்தார், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடத் தெரிந்த மனிதரை.

தீர்த்தம் மண்ணில் விழுந்தது. கடற்காற்று எங்கள் மெழுகுதிரியை அணைத்தது. அம்மை கையை நீட்டினாள்.

"மக்ளே, தீப்பெட்டிய எடு."

மூன்று வருஷம் எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். நான் கேட்டது மோட்சத்தில் அப்பாவை. கிடைத்தது அதோடு என் அம்மையும்.

இன்று நான் ஆசிரியப் பயிற்சி படிக்கிறேன். அப்பாவின் உத்தரியம் என் கழுத்தில் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களே, உங்களில் யாராவது அதைக் கழற்றி ஆணியில் மாட்ட நினைத்தால் தயவுசெய்து ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். அந்த நோய் பாவமும் இல்லை, சோம்பலும் இல்லை. உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் அப்படிப் போயிருந்தால், குரலைத் தாழ்த்தாதீர்கள். அவருடைய நாள்களை எண்ணத் தொடங்குங்கள். ஆண்டவரிடம் நின்றுகொண்டே கேளுங்கள், கோபத்தோடு கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. தீர்த்தச் செம்புக்குப் பின்னால் எங்களோடு அந்த மூலை வரைக்கும் நடந்து வந்தார். அவருக்கு என் நன்றி. உங்களோடும் நடப்பார்.