நான் ஏணியேறி ஆடிய தேசிய லீக்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் மில் கால்பந்து அணிக்கு நான்தான் கோல்கீப்பர். எப்பேர்ப்பட்ட கோல்கீப்பர் என்று கேட்டால், ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரர்கள் என் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துப் போவார்கள். அவ்வளவு பிரியமாக இருப்பார்கள். நான் ஸ்பின்னிங்கில் ஃபிட்டர். ஓடுகிற மெஷினில் எந்த மூலையில் நூல் அறுந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பந்து வந்தது மட்டும் அது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

கல்யாணமான புதிதில் என் மனைவியின் தம்பி, அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி என் ஆட்டத்தைப் பார்க்க வருவான். கோலுக்குப் பின்னால் நின்றுகொள்வான். என்னைத் தாண்டிப் போகிற பந்துகளையெல்லாம் பாய்ந்து பாய்ந்து பிடிப்பான். என் தயவில் அவனுக்கு ஓய்வே கிடையாது. பிற்பாடு அவன் பெரிய கீப்பர் ஆனபோது, "யாருப்பா இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று யாராவது கேட்டால் நான் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். முழுப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மதுரைக்கு விளையாடி, பிறகு ஜில்லாக்களுக்கு இடையேயான போட்டிகளில் விளையாடி, மெட்ராஸில் ஓர் அலுவலகத்து அணியில் சேர்ந்தான் மச்சினன். தற்காலிக வேலை. காலையில் ஃபைல் தூக்க வேண்டும், மாலையில் பந்து பிடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவே தேசிய லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கல்கத்தா, கோவா, பஞ்சாப், கேரளா என்று நாட்டின் பெரிய அணிகளெல்லாம் ஒரே பட்டியலில். அதில் மச்சினனின் அணியும் இருந்தது. அவன் இரண்டாவது கீப்பர். இந்த சீசனில் ஓர் ஆட்டத்திலாவது களம் இறங்கினால் வேலை நிரந்தரம், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பங்குனியோடு வீட்டுக்குப் போகலாம் என்று அணி மேனேஜர் சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் வேறு வருமானம் பெரிதாக இல்லை. மாமனார் பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முட்டிவலிக்காரர்.

இங்கேதான் நான் பெரிய மனிதன் ஆனேன். எங்கள் மில் மேனேஜரைப் பார்த்து, பையன் திரும்பி வந்தால் ஸ்பின்னிங்கில் சேர்த்துக்கொள்வதாக வாக்கு வாங்கி வைத்தேன். மாமனார் வீட்டில் அதைச் சொன்ன தோரணையைப் பார்த்தவர்கள் நான் மில்லையே வாங்கிவிட்டதாக நினைத்திருப்பார்கள். "பந்தெல்லாம் எம்புட்டு நாளைக்கு, மாமா? மெஷின் அப்படியில்ல. காலத்துக்கும் சோறு போடும்" என்றேன். மாமனார் தலையாட்டினார். மாமியார், அதாவது அத்தை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை என்னிடம் நேரடியாகப் பேசியதே கிடையாது. அந்த வீட்டு வழக்கம் அப்படி. மருமகன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கேட்பாள்: "அவியளுக்கு இன்னும் செத்த ரசம் வேணுமான்னு கேளு." நான் மூன்றடி தூரத்தில்தான் இருப்பேன், என் காதிலும் நன்றாகவே விழும். இருந்தாலும் என் மனைவி அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, பிறகுதான் வேண்டாம் என்பேன். அந்த மரியாதை எனக்கு ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. ராஜபாளையத்தில் மெஷினுக்கு அடியில் எண்ணெய்க் கையோடு படுத்துக் கிடக்கிறவன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாப்பிள்ளை ஆகிவிடுவேன். நடையே மாறிவிடும் என்று என் மனைவி சொல்வாள்.

லீக் மார்கழியில் தொடங்கியது. மில் கேன்டீனில் ஷிஃப்ட் உற்பத்தி எழுதும் கரும்பலகையின் ஓரத்தில் நான் சாக்பீஸால் புள்ளிப் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். பேப்பரில் கிரிக்கெட்டுக்கெல்லாம் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில் முடிவுகளைப் போட்டிருப்பார்கள். அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்துப் பலகையில் ஏற்றுவேன். லீக்கில் வடக்கே ஒரு மில்லின் அணியும் ஆடியது. எங்கள் ஆட்களுக்கு அது ஒன்று போதும், மொத்தப் பேரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்த அணியில் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "அங்க எத்தன ஸ்பிண்டில் ஓடுது?" என்றுதான் கேட்டார்கள். கோல் வித்தியாசம் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. கடைசியில் ஒரு மேஸ்திரி, "போட்ட பஞ்சுல வேஸ்ட்டக் கழிச்சா வாரது. அம்புட்டுதான?" என்று முடித்து வைத்தார். அதற்கு மேல் தெளிவாக நானும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த முடிவுகளை மாமனார் வீட்டுக்குச் சுமந்து போவது என் வேலை. சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்ததும் நான் அறிவிப்பேன்: "நம்ம அணி தோத்துருச்சு. இவன் இறங்கல." அடுத்த ஞாயிறு: "டிரா. இவன் இறங்கல." முதல் கீப்பர் இரும்பால் செய்த ஆள். ஒரு சுளுக்குக்கூட வராது. அத்தைக்கு இதில் பெரிய தர்மசங்கடம். மகனுக்கு வாய்ப்பு வேண்டும் என்று ஜெபித்தால் அந்தக் கீப்பருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று ஜெபிப்பதாக ஆகிவிடுமே. "அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்ல" என்று மகளிடம் சொல்லி அழுதாளாம். யோசித்து யோசித்து, அந்தக் கீப்பருக்கு ஏதாவது ஒரு நல்ல காரியம் ஆட்டத்தன்றைக்கே வர வேண்டும் என்று ஜெபிக்கத் தொடங்கினாள். இதைக் கேட்டு நான் சிரித்தேன்.

மாசி பிறந்தது, லெந்து என்கிற தவக்கால நாட்களும் வந்தன. ஈஸ்டர்வரை அந்த வீட்டில் கறி கிடையாது. மற்ற நாளில் நான் போனால் ஒரு கோழிக்கு ஆயுசு முடியும். இப்போது எனக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புதான். லெந்து எனக்கும் சேர்த்துத்தான் என்பது தெரியும், ஆனாலும் மாப்பிள்ளைக்கு ஒரு முட்டையாவது பொரித்திருக்கலாம் என்று மனசு முறுக்கிக்கொண்டது. இரண்டு ஞாயிறு நான் போகவே இல்லை. அந்த இரண்டு வாரமும் அவர்களுக்கு லீக் முடிவும் தெரியவில்லை. நாட்டின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டியைக் கத்தரிக்காயின் பெயரால் நிறுத்தி வைத்தவன் நான் ஒருவன்தான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை மாமனாரின் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. முதல் கீப்பரின் மனைவிக்கு அந்த வாரம் பிரசவம், அவர் ஊருக்குப் போய்விட்டார். "ஞாயித்துக்கெழம நாந்தாம்மா நிக்கேன். டிவியில போடுதாக" என்றானாம் மச்சினன். அத்தை அந்த முகம் தெரியாத பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அன்றைக்கு முழுக்க முழங்காலில் நின்றாள். மாமனார் முட்டிவலியோடு பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்து, மில் வாசலில் ஷிஃப்ட் சங்கு ஊதும்வரை காத்திருந்து என்னை அழைத்தார். என் முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது. பெரிய மனசு பண்ணி வருவதாக ஒத்துக்கொண்டேன்.

தெருவில் கேபிள் இருந்தது. ஆனால் ஞாயிறு மதியம் கேபிள்காரர் தன் இஷ்டத்துக்கு சினிமா ஓட்டுவார். பந்தாட்டம் பார்க்க வேண்டுமானால் பழைய ஆன்டெனாதான் கதி. மாமனார் வீட்டில் அது சமையலறையின் சிமென்ட் கூரைமேல், ஒரு இரும்புக் குழாயில், கொடைக்கானல் டிவி டவரைப் பார்த்து நிற்க வேண்டியது. மாசிக் காற்றில் எந்த ஊரைப் பார்த்து நின்றதோ தெரியவில்லை. டிவியைப் போட்டால் திரை முழுக்க மணல் கொட்டியது. மணலுக்கு நடுவே பதினைந்து இருபது நிழல்கள் ஓடின. கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. முன்வரிசைப் பிரம்பு நாற்காலியில் நான்.

மாமனார் மூங்கில் ஏணியில் ஏறினார். நான் நாற்காலியில் இருந்தபடியே உத்தரவு கொடுத்தேன். "இடது பக்கம், மாமா! இல்ல, உங்க இடது இல்ல, என் இடது!" ஃபிட்டர் அல்லவா, யோசனைக்குப் பஞ்சமில்லை. மணல் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. ஆட்டம் தொடங்கிப் பாதி நேரம் போய்விட்டது. கோல் கம்பத்தில் நிற்கிற நிழல் இவனா அந்தப் பக்கத்துக்காரனா என்றுகூடத் தெரியவில்லை. மேலே மாமனாருக்கு மூச்சு வாங்குவது கூடம்வரை கேட்டது.

அப்போது கதவு படாரென்று திறந்தது. அத்தை கூடத்துக்கு நடுவே வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏலே! ஒக்காந்து கத்திக்கிட்டே கெடக்கியே, எந்திச்சுப் போயி அந்தக் கம்பியப் புடில!"

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

மாமனாரைக் கீழே அனுப்பிவிட்டுக் குழாயைப் பிடித்தேன். "ஆ! தெரியுது! தெரியுது!" என்று கீழே கூச்சல். கையை எடுத்தேன். "ஐயையோ, போச்சு!" மறுபடி பிடித்தேன். "வந்துட்டு! அப்படியே நில்லுங்க!" கம்பியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன், செங்கல்லை அண்டக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு கை குழாயிலும் ஒரு கை தலைக்கு மேலும் இருந்தால்தான் கொடைக்கானல் என்னை ஏற்றுக்கொண்டது. அப்படியே நின்றேன். எதிரே கோயில் கோபுரம். பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட வந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, வத்தலைப் போடாமலே இறங்கிப் போய்விட்டார்.

லீக்கின் அந்தக் கடைசி ஆட்டத்தை நான் காதால்தான் பார்த்தேன். "புடிச்சுட்டாம்ல!" என்றால் அவன் பிடித்திருக்கிறான். "ஐயோ" என்றால் பந்து பக்கத்தில் வந்திருக்கிறது. அத்தையின் குரல் மட்டும் ஒரே சீராக, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று போய்க்கொண்டிருந்தது. தோள்பட்டை இற்றுப் போனது. முடியப் போகிற சமயத்தில் கீழே திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. அத்தையின் சத்தமும் நின்றது. பிறகு ஒரு ஆள் தணிந்த குரலில், "பெனால்டி" என்றார்.

ராஜபாளையத்தில் அவனுக்காக நான் பிடித்து வைத்திருந்த மில் வேலை ஞாபகம் வந்தது. என்ன பீற்றல் பீற்றியிருக்கிறேன்! இவன் அந்த மில்லுக்கு வரக் கூடாது, மெஷினுக்கு அடியில் வந்து படுக்கக் கூடாது என்று நினைத்தேன். "விட்றாதல, விட்றாதல" என்று கோபுரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குழாயை இறுக்கினேன். கை வலித்தபோது அவனிடம் சொல்கிறேனா எனக்கே சொல்லிக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

கீழே வீடே இடிந்தது போல ஒரு சத்தம். சந்தோஷமா துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை ஓவென்று அழுதாள். அவள் எதற்கும் அழுகிறவள், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. "என்ன ஆச்சு? ஏட்டி, என்ன ஆச்சு?" என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன். யாரும் பதில் சொல்லவில்லை. கையை விட்டு இறங்கலாம் என்றால் படம் போய்விடும். நின்றேன்.

வெயில் சாய்ந்த பிறகு என் மனைவி ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா புடிச்சிக்கிட்டு நிக்கிய? ஆட்டம் முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. தம்பி தடுத்துட்டான். எல்லாரும் பக்கத்து வீட்டுல போனுக்குக் காத்துக் கெடக்காக."

ஈஸ்டருக்கு மச்சினன் நிரந்தர வேலையோடு ஊருக்கு வந்தான். கோழிக் குழம்பும் மீண்டு வந்தது. சாப்பிடும்போது, "அத்தான், அந்த பெனால்டியப் பாத்தியளா?" என்றான். "பாக்காம? வலது பக்கம் பாஞ்ச பாரு, அதுக்குத்தான் அந்தக் காலத்துல நான்…" என்று ஆரம்பித்தேன். "இடது பக்கம் அத்தான்" என்றான்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது, மகளிடம்தான். "அவிய எங்கட்டி பாத்தாக? மேல கம்பியப் புடிச்சிக்கிட்டுல்லா நின்னாக. அவிய கைய விட்டுருந்தா நாம ஒண்ணத்தையும் பாத்திருக்க மாட்டோம். இன்னும் ரெண்டு துண்டு வையி."

மறுபடியும் நான் 'அவிய' ஆகியிருந்தேன். என் அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படி அதட்டி 'ஏலே' என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு ஏணியில் ஏறும்போது கோபம் வராமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. கண் கலங்கியது, குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டேன். ஸ்பேனர் கொண்டுபோய்க் குழாயில் ஒரு போல்ட்டை மாற்றினால் அந்த ஆன்டெனா அசையாது. ஃபிட்டருக்கு ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் அங்கே போய், திரையில் மணல் கொட்டுவதைப் பார்த்தபடி, கதவு திறக்குமா என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர்கள் கேபிள் போட்டுவிட்டார்கள்.